கறுப்பையா நிற்கும் இடம்

நிஷாந்தினி முதலில் காதைப் பார்ப்பார். காதில் மாட்டிப் பாட்டுக் கேட்கும் ஹேண்ட்ஸ்ஃப்ரீயைப் பிறகுதான் கையில் வாங்குவார். வந்தவர் "ஒரு பக்கம் பாஸ் வருதில்ல" என்று அடித்தொனி குறைந்ததைச் சொல்ல வாயெடுத்ததும், நெற்றியில் ஏறிக் கிடக்கும் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு அந்த ஆளின் இரண்டு காதுகளையும் மாறி மாறி ஆராய்வார். பல்கலைக்கழகப் பையனோ பொலிஸ்காரரோ, யாராக இருந்தாலும் கழுத்தை அப்படியும் இப்படியும் திருப்பிக் காட்டத்தான் வேண்டும். "இந்தப் பக்கம் திரும்புங்க. ம்... இப்ப அந்தப் பக்கம். சரி, குடுங்க."

இப்படித்தான் நிஷாந்தினியிடம் நானும் என் காதுகளை ஒப்படைத்தேன். மூன்று வருடத்துக்கு முன்னால் அது. மலிவு விலைக்கு வாங்கிய ஹேண்ட்ஸ்ஃப்ரீ ஒன்று. இடப்பக்கத்தில் மிருதங்கம் முழங்கியது, வலப்பக்கத்தில் தகர டப்பாவைத் தட்டுவதுபோல் கேட்டது. சண்டை பிடிக்கும் உத்தேசத்தோடுதான் போனேன்.

"மிஸ், ஒங்க வலது காது ஓட்டை பெரிசு" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

அறுபத்திரண்டு வருடமாக என் காதைப் பற்றி யாரும் இப்படியொரு வார்த்தை சொன்னதில்லை. "எனக்கோ?" என்றேன். பின்னால் நின்ற இரண்டு பேர் என் காதை எட்டிப் பார்த்தார்கள். நிஷாந்தினி அதற்குள் வலப்பக்கத்து ரப்பரைக் கழற்றி, ஒரு சுற்றுப் பெரியதை மாட்டி நீட்டிவிட்டார். போட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் மிருதங்கம். சண்டைக்கு வழியில்லாமல் போய்விட்டது.

"ரப்பர் இறுக்கமா உக்காரலன்னா பாஸ் வெளிய ஓடிரும் மிஸ். கதவத் தொறந்து போட்டா அடுப்புச் சூடு வீட்டுல தங்குமா?"

அன்றிலிருந்து பேராதனையிலிருந்து கண்டிக்கு வரும் நாள்களில் அந்த இடத்தில் கொஞ்சநேரம் நிற்காமல் நான் பஸ் ஏறுவதில்லை. மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பின்னாலுள்ள சந்தொன்றில், மஹ்மூத் நானாவின் பை, குடைக் கடை. அந்தக் கடையின் முகப்பில் நான்கடி அகலம் மட்டும் நிஷாந்தினிக்கு. ஒரு கண்ணாடிப் பெட்டி, கொக்கிகளில் தொங்கும் ஹேண்ட்ஸ்ஃப்ரீ, சார்ஜர், கவர். பெட்டிக்குப் பின்னால் இரண்டு பேர் நெருக்கி உட்காரக்கூடிய சின்ன மரவாங்கு. ஆனால் அதில் அவர் உட்காருவது அபூர்வம். காலை எட்டரையிலிருந்து மாலை ஆறரை வரை நின்றபடிதான் வேலை. பிளேன்டீ குடிப்பதும் நின்றபடிதான்.

எனக்கு அந்த இடம் புதிதல்ல. நான் பேராதனையில் படித்த காலத்தில் அதுதான் மஹ்மூத் நானாவின் ரெக்கோடிங் பார். ஒற்றை ரூல் தாளில் பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுத்தால், ஒரு கிழமையில் கசெட்டில் பதிந்து தருவார். பதினொன்றுதான் நாங்கள் கேட்டதாக இருக்கும், பன்னிரண்டாவது அவருக்குப் பிடித்தது. கேட்டால், "அது சும்மா கேட்டுப் பாருங்க பிள்ள, நல்லா ஈக்கும்" என்பார். உண்மையில் நன்றாகத்தான் இருக்கும். விடுதியில் எங்கள் நான்கு பேருக்கு ஒரேயொரு வோக்மன். ஹெட்போனின் ஒரு காதை நான் வைத்துக்கொள்ள, மற்றதை என் சிநேகிதி துஷாந்தி வைத்துக்கொள்வாள். கம்பி நீளம் போதாமல் எங்கள் தலைகள் முட்டிக்கொண்டிருக்கும். அவள் கனடாவுக்குப் போய் முப்பது வருடமாகிறது. இன்றைக்கும் பாட்டுக் கேட்கும்போது வலப்பக்கம் யாரோ சாய்ந்திருப்பது போலவே எனக்கு இருக்கும். அந்தப் பக்கத்தில் பாஸ் குறைந்ததற்கு நான் அவ்வளவு கோபப்பட்டதன் காரணம் நிஷாந்தினிக்குத் தெரியாது.

அவருக்கு வயது நாற்பத்து நான்கு. ஊர் ஹுன்னஸ்கிரியவுக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டம். வேலை பழகியது யாரிடமும் இல்லை. "கெட்டுப்போன செட்டுகளத் தொறந்து தொறந்து பாத்தேன் மிஸ், அவ்வளவுதான்" என்பார். ஆயுதங்கள் சொற்பம். பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்று, ஒட்டும் பசை உருண்டை ஒன்று, வெள்ளைப் பிளாஸ்டர் சுருள் ஒன்று. ஊசியைக் கண்டால் அவருக்கு ஆகாது. காதில் வைக்கும் முனையிலுள்ள வலையை ஊசியால் குத்தி அழுக்கெடுத்துவிட்டு வருபவர்களை அவர் பார்க்கும் பார்வை என் எதிரிக்குக்கூட வாய்க்கக்கூடாது. "குத்துனா அழுக்கு உள்ளதானய்யா போவும்?" வலையைக் கீழ்நோக்கிப் பிடித்து, பிரஷால் மெல்லத் தட்டித்தான் எடுப்பார். உதிர்வது கீழே விழ வேண்டுமாம்.

காதில் வைக்கும் அந்த முனையின் முதுகில் குண்டூசி முனையளவு ஒரு துவாரம் இருக்கிறதென்பதை அவர் சொல்லித்தான் நான் அறிந்தேன். செட்டு மூச்சுவிடும் வழி அது. அடைபட்டால் அந்தப் பக்கத்து பாஸ் மாறிப்போகும். எதனால் அடைபட்டது என்பதைப் பார்த்தே ஆளின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார். பவுடர் என்றால் ஒரு வகை, வியர்வை உப்பு என்றால் இன்னொரு வகை. ஒருமுறை திருநீறு எடுத்தார். வந்தவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இன்னொரு முறை ஒரு வங்கி முகாமையாளர், வலப்பக்கமே செத்துப்போய்விட்டதென்று நல்ல இங்கிலிஷில் சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். நிஷாந்தினி ஹேண்ட்ஸ்ஃப்ரீயைத் தொடவேயில்லை. அவருடைய போனை வாங்கி, இடது வலது சமநிலைக் கோட்டில் ஓரத்துக்கு நழுவிப் போயிருந்த புள்ளியை நடுவுக்கு இழுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். முகாமையாளர் ஒரு குடை வாங்கிக்கொண்டு போனார். வெயில் கொளுத்திய நாள் அது.

இத்தனையும் பார்த்தபிறகும் குறை தீராவிட்டால், கடைசியாக ஒன்று சொல்வார்: "மாத்திப் போடுங்க."

இடதை வலக்காதிலும் வலதை இடக்காதிலும் மாற்றிப் போட வேண்டும். "குத்தம் எடம் மாறுனா செட்டு. மாறாம அதே காதுல நின்னுச்சுன்னா, செட்டு மேல பழி போடாதீங்க." இந்த ஒரு சோதனையால் எத்தனையோ பேரைப் பேராதனை ஆஸ்பத்திரியின் காதுக் கிளினிக்குக்கு அனுப்பியிருக்கிறார். நாவலப்பிட்டியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ரயில் கார்ட் ஒருவர், இப்படிப் போய்க் காதில் அடைத்திருந்த குறும்பியை எடுத்துவிட்டு, ஒரு சீப்புக் கதலி வாழைப்பழத்தோடு திரும்பிவந்தார். பழத்தைக் கொடுத்துவிட்டு, "ரயில் சத்தம் கூட வித்தியாசமாக் கேக்குதும்மா" என்றார். அன்று எனக்கும் இரண்டு பழம் கிடைத்தது.

நிஷாந்தினி தானே ஒரு செட்டைக் கேட்டுப் பார்க்கும்போது மட்டும் மாற்றிப் போடுவதில்லை. ஏனென்று ஒருமுறை கேட்டேன். "எனக்கு வேணாம் மிஸ். போட்டதுமே தெரிஞ்சிரும்." அதில் கொஞ்சம் கர்வம் இருந்தது. இருக்கட்டுமே. முப்பத்தொரு வருடம் நூலகத்தில் நூற்பட்டியல் எழுதிய எனக்கும் அந்தக் கர்வம் உண்டு.

புதிதாகப் பெட்டி வந்ததும் அதிலுள்ள செட்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொக்கியில் மாட்டுவார். அப்போது மட்டும் வாங்கில் உட்காருவார். கேட்பது பாட்டல்ல. அவருடைய போனில் நான்கு நிமிடம் பத்து செக்கன் நீளத்துக்கு ஓர் ஒலிப்பதிவு இருக்கிறது. அதை அவர் யாருக்கும் கேட்கக் கொடுத்ததில்லை. வாடிக்கையாளருக்கு அவரவர் பாட்டுத்தான்.

அது அவருடைய அப்பா கறுப்பையா உறுமி வாசித்தது. தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். அதற்கு நாற்பது வருடம் உறுமி பிடித்தவர் அவர். ஒரு வருடம் கூத்து முடிந்த மறுநாள் காலை, லயத்து வீட்டு வாசலில் அவரைத் தனியாக வாசிக்கச் சொல்லி, நேர் எதிரே நின்று நிஷாந்தினி போனில் பதிந்தார். "அடுத்த மாசிக்கு முன்னாடியே போயிட்டாரு மிஸ். அப்பா போட்டோல எல்லாம் மொறச்சிக்கிட்டுத்தான் நிப்பாரு. இதுல மட்டுந்தான் அப்பா அப்பாவா இருக்காரு."

உறுமியின் ஒரு பக்கத்துத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது அடிவயிற்றிலிருந்து எழும் அந்த 'ஊம்...' இருக்கிறதே, அதைவிடப் பெரிய பாஸ் சோதனை வேறில்லை என்பது நிஷாந்தினியின் கட்சி. சாதாரண போனில் பதிந்ததால் இரண்டு காதுக்கும் ஒரே சத்தம்தான் வரும். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் உறுமி தலைக்கு நட்டநடுவில் கேட்கும். ஒரு பக்கம் குறைந்தால் மற்றப் பக்கத்துக்குச் சாய்ந்துவிடும். இதை அவர் தம்முடைய பாஷையில் சொல்வார்: "அப்பா நடுவுல நிக்கணும் மிஸ்." நல்ல செட்டு என்றால், "இதுல அப்பா ஜம்முன்னு நிக்கிறாரு." கெட்டது என்றால், "ம்ஹும், அப்பா ஓரமாப் போயிட்டாரு." ஓரமாகப் போனால், குறைந்த பக்கத்தில் ஒரு துண்டு வெள்ளைப் பிளாஸ்டரைச் சுற்றித் திருப்பி அனுப்பும் பெட்டியில் போட்டுவிடுவார். புதன்கிழமைகளில் சாமான் கொண்டுவரும் ஷப்ராஸ் அதை எடுத்துப் போவார்.

இந்த வருடம் சித்திரைக்குப் பிறகு அப்பா அடிக்கடி ஓரமாகப் போகத் தொடங்கினார்.

முதலில் ஐந்தாறு செட்டு. பிறகு ஒரு பெட்டியில் பாதி. ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை நானும் அங்கே நின்றேன். ஷப்ராஸ் திரும்பும் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"தங்கச்சி, கண்டியில பதினாலு கடைக்கு இதே சாமானத்தான் நான் குடுக்கிறேன். ஒருத்தரும் சரியில்லண்டு செல்லல்ல. ஒங்களுக்கு மட்டும் எப்பிடி இவ்வளவு பழுது வந்தீக்கி?"

"மத்தவங்க கேட்டுப் பாக்காம விக்கிறாங்க ஷப்ராஸ் நானா. நான் கேட்டுப் பாத்து விக்கிறேன்."

"இனிமேலும் இப்பிடித் திருப்பினா, கொழும்புல ஒங்களுக்குச் சாமான் தரமாட்டாங்க. அதச் செல்லிட்டேன்" என்று அவர் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். குரலில் கோபமில்லை, சங்கடம்தான்.

உள்ளேயிருந்து மஹ்மூத் நானா கத்தினார்: "மகள், நாலு தரம் கூப்பிட்டேன், கேக்கல்லயா? அந்தக் குடைக் கட்ட இங்கால எடுங்க!" அவர் நின்றது நிஷாந்தினிக்கு வலப்பக்கம்.

நிஷாந்தினி குடைக்கட்டோடு உள்ளே போனதும் நான் பெட்டிக்குள் பார்த்தேன். பழக்க தோஷம். எதையும் வரிசைப்படுத்திப் பார்க்காமல் எனக்கு இருக்க முடியாது. இருபத்தேழு செட்டு. இருபத்தேழிலும் வெள்ளைப் பிளாஸ்டர் வலது பக்கத்தில். தொழிற்சாலைப் பழுது என்றால் இடதும் வலதும் கலந்தல்லவா வந்திருக்க வேண்டும்? நிஷாந்தினி கண்ணாடியை இறக்கி இதே பெட்டியை வேறு யாருடையதாகவோ பார்த்திருந்தால், ஒரு நொடியில் சொல்லியிருப்பார்.

அவர் திரும்பிவந்தார். என் வாய் சும்மா கிடக்கவில்லை.

"நிஷாந்தினி, நீர் ஒருக்கா மாத்திப் போட்டுப் பாருமன்."

"எனக்கு எதுக்கு மிஸ்? போட்டதுமே தெரியுதே."

"எல்லாருக்கும் சொல்லுறனீர்தானே."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை மெதுவாக நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "மழை இருட்டிக்கிட்டு வருது மிஸ். பஸ்ஸப் புடிச்சுப் போயிருங்க" என்றார். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

இரண்டு வாரம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து என்னையே திட்டிக்கொண்டேன். ஒரு பெண்ணுக்குப் பிழைப்பே காது. அந்தக் காதைக் குறை சொல்ல நான் யார்? பிழைப்பை விடுங்கள், அவருக்கு அப்பா என்று மிஞ்சியிருப்பதே அந்த நான்கு நிமிடம்தான். செட்டுப் பழுதென்றால் வேறு செட்டில் அப்பாவை நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம். காது பழுதென்றால் எந்தச் செட்டில் கொண்டுவருவது? அவர் மாற்றிப் போடாததன் காரணம் கர்வம் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அது பயம். எனக்கு அது விளங்குவதற்குள் சொல்லக்கூடாததைச் சொல்லித் தொலைத்துவிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மனம் கேளாமல் போனேன். இந்தமுறை நிஜமாகவே மழை. சந்தில் ஆள் நடமாட்டமில்லை. மஹ்மூத் நானா அஸர் தொழப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். நிஷாந்தினி வாங்கில் உட்கார்ந்திருந்தார். காதுகளில் ஹேண்ட்ஸ்ஃப்ரீ. என்னைக் கண்டும் எழவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. நான் குடையை மடக்கிக்கொண்டு ஒதுங்கி நின்றேன்.

ஒலிப்பதிவு முடியும்வரை கேட்டார். பிறகு இரண்டு காதிலிருந்தும் கழற்றினார். ரப்பரைப் பார்த்தார், வலையைப் பார்த்தார், முதுகிலிருந்த துவாரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எல்லாம் பார்த்தபிறகு, இடதை வலக்காதிலும் வலதை இடக்காதிலும் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். அந்த நான்கு நிமிடமும் அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கூரையிலிருந்து விழும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எடம் மாறல மிஸ்" என்றார். "அப்பா இந்தப் பக்கமே நிக்கிறாரு. எப்பிடிப் போட்டாலும் இங்கயேதான் நிக்கிறாரு." இடக்காதைத் தொட்டுக் காட்டினார்.

நான் குடையைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டப் போனேன்.

"நீங்க கேட்டுச் சொல்லுங்க." இரண்டு முனைகளையும் தமது சேலை முந்தானையில் துடைத்து என்னிடம் நீட்டினார். என் வலது காதுக்குப் பெரிய ரப்பர் மாட்ட அப்போதும் மறக்கவில்லை.

யாருக்கும் கொடுக்காத ஒலிப்பதிவை நான் கேட்டேன். முதலில் ஒரு சேவல். யாரோ வாளி வைக்கும் சத்தம். பிறகு உறுமி. அது தொடங்கியதும் என் நெஞ்சுக்கூட்டுக்குள் ஏதோ எழுந்து உட்கார்ந்தது. நாற்பது வருடம் ஒரே குச்சியைப் பிடித்த கை என்பது கேட்கவே தெரிந்தது. அவசரமில்லை, சந்தேகமில்லை. முடியும் இடத்தில், தூரத்திலிருந்து ஒரு பெண் குரல்: "போதும்யா, கையி வலிக்கப் போவுது." அது அவருடைய அம்மா பேச்சியம்மாவாக இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக உறுமி இன்னும் ஒருமுறை, வேண்டுமென்றே, 'ஊம்...' என்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்க நிக்கிறாரு?" என்று கேட்டார். பார்வை என் முகத்தைவிட்டு அசையவில்லை.

பொய் சொல்லியிருக்கலாம். ஓரமாகத்தான் நிற்கிறார், செட்டுத்தான் பழுது என்று சொல்லியிருந்தால் இன்னும் ஒரு மாதம் அந்த மனுஷி நிம்மதியாக இருந்திருப்பார். ஆனால் அப்படிச் சொன்னால் கறுப்பையாவுக்கு நியாயமில்லை. என் புருவங்களுக்கு நடுவில் விரலை வைத்துக் காட்டினேன்.

"நடுவில. நெத்திக்கு நேர."

"ஜம்முன்னா?"

"ஓம். ஜம்மெண்டு."

அவர் தலையை ஆட்டினார். ஒருமுறை, பிறகு இன்னொரு முறை. "அப்ப சரி" என்றார். யாருக்கு என்ன சரி என்று எனக்கு விளங்கவில்லை, ஆனால் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. குனிந்து, ஷப்ராஸ் விட்டுப்போன பெட்டியை இழுத்து, ஒரு செட்டை எடுத்து வலது பக்கத்துப் பிளாஸ்டரை நகத்தால் உரிக்கத் தொடங்கினார். நானும் ஒன்றை எடுத்தேன். இருவருமாக உரித்தோம். இருபத்தேழும் முடிந்தபோது கண்ணாடிப் பெட்டியின் மேல் சின்னச் சின்ன வெள்ளைச் சுருள்கள் குவிந்து கிடந்தன.

"ஷப்ராஸ் நானாகிட்ட நாளைக்கு உள்ளதச் சொல்லிருவேன்" என்றார். "பாவம் அந்தாளு."

"வியாழக்கிழமை காதுக் கிளினிக். நானும் வாறன்."

"காலங்காத்தால வரணுமே மிஸ். நம்பர் எடுக்கணும். நான்தான எல்லாத்துக்கும் சொல்லி அனுப்புவேன், அஞ்சரைக்கே போயிருங்கன்னு."

"என்ர வீடு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலதானே. நம்பரை நான் எடுத்து வைக்கிறன். நீர் வந்தால் சரி."

செட்டுகளை ஒவ்வொன்றாகக் கொக்கியில் மாட்டினார். ஒன்றை மட்டும் மாட்டாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மழை விட்டிருக்கவில்லை. தொழுகை முடிந்து மஹ்மூத் நானா வர இன்னும் கொஞ்சநேரமிருந்தது. நிஷாந்தினி அந்தச் செட்டைப் போனில் குத்தி, ஒலிப்பதிவை முதலிலிருந்து வைத்தார். இடது முனையைத் தம்முடைய இடக்காதில் பொருத்திக்கொண்டார். வாங்கில் ஓரமாக நகர்ந்து எனக்கு இடம் விட்டு, வலது முனையை என்னிடம் நீட்டினார்.

"அந்தப் பக்கத்த நீங்க பாத்துக்கங்க மிஸ்."